பெஞ்சு பற்றிய விவாதம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது

2018ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, கிழக்கு ஆங்கிலியாவில் வயலும் வானமும் தவிர வேறெதுவும் எளிதில் கண்ணில் படாத ஒரு கிராமத்துக்குக் குடிபெயர்ந்தோம். என் மனைவிக்குப் பக்கத்துச் சிறுநகரத்தில் மருத்துவர் பணி கிடைத்திருந்தது. என் வேலை மடிக்கணினியோடு எங்கு வேண்டுமானாலும் வரக்கூடியது. ஏறத்தாழ முந்நூறு வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு பப், ஒரு தொடக்கப்பள்ளி, நாளுக்கு நான்கு முறை வரும் பேருந்து ஆகியவற்றோடு அந்த ஊருக்கு ஒரு பாரிஷ் கவுன்சிலும் உண்டு என்பது ஐந்து மாதங்கள் வரை எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைவிட, தெரிந்தும் பொருட்படுத்தவில்லை என்பதே சரி. தேவாலய வாசலருகே கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பலகையில் அந்தப் பெயரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் ‘பங்கு’ என்று சொல்வதைத்தான் ஆங்கிலத்தில் பாரிஷ் என்கிறார்கள். ஆகவே அது பங்குப் பேரவை போன்ற ஏதோ ஒன்று, ஈஸ்டர் கேக் விற்பனை பற்றிப் பேசுவார்கள், நமக்கு அங்கே வேலையில்லை என்று கடந்து போய்க்கொண்டிருந்தேன்.

அது தேவாலயக் குழு அல்ல. 1894ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் ஊர் நிர்வாகத்தைத் திருச்சபையிடமிருந்து பிரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட கவுன்சிலிடம் ஒப்படைத்தது. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத அந்தக் காலத்தில் இந்தக் கவுன்சில்களுக்குப் பெண்கள் வாக்களிக்கவும் போட்டியிடவும் அச்சட்டம் இடமளித்தது. பெயரில் மட்டும் பழைய வாசனை ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தில் இன்று பாரிஷ், டவுன் கவுன்சில்கள் சுமார் பத்தாயிரம் இருக்கின்றன. அவற்றில் ஒன்று என் வீட்டிலிருந்து நூற்றைம்பது அடி தொலைவில் மாதந்தோறும் கூடுகிறது என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு சாலைப் பள்ளம்.

2019 பிப்ரவரியில், மழைநீர் தேங்கியிருந்ததால் ஆழம் தெரியாத அந்தப் பள்ளத்தில் என் காரின் இடது முன்சக்கரம் இறங்கி, டயர் வெடித்து, ரிம்மும் வளைந்தது. மெக்கானிக் கொடுத்த பில்லையும், பள்ளத்தைப் பல கோணங்களில் எடுத்த பதினான்கு படங்களையும் எடுத்துக்கொண்டு அடுத்த கவுன்சில் கூட்டத்துக்குப் போனேன். ஊர் மன்றக் கூடத்தில் ஏழு உறுப்பினர்கள், கிளார்க்காகப் பணிபுரியும் ஓர் அம்மையார், ஓர் உறுப்பினரின் நாற்காலிக்கடியில் உறங்கிக்கொண்டிருந்த நாய், இவர்களோடு பார்வையாளராக நான் ஒருவன் மட்டும். சுவரில் இருந்த ஹீட்டர் காசு போட்டால்தான் எரியும் வகையைச் சேர்ந்தது. அரை மணிக்கொருமுறை அது ‘க்ளக்’ என்று அணையும்போதெல்லாம் தலைவர் பேச்சை நிறுத்தாமலே சட்டைப்பையைத் துழாவுவார். பொதுமக்கள் பேசுவதற்கு ஆளுக்கு மூன்று நிமிடம். நான் ஈஸ்ட் ஹாமின் குரலில், சற்று உரக்கவே பேசினேன். முடித்ததும் தலைவர், “மிக்க நன்றி. மிகவும் பயனுள்ள கருத்து” என்றார். காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த மாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட நடவடிக்கைக் குறிப்பில், என் மூன்று நிமிட ஆவேசம் இப்படிப் பதிவாகியிருந்தது: ‘ஊர்வாசி ஒருவர் சாலைப் பள்ளம் குறித்துப் பேசினார். குறித்துக்கொள்ளப்பட்டது.’ இந்தக் ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்ற சொல்லின் முழுப் பொருளும் விளங்க எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ‘இதில் நாங்கள் எதுவும் செய்யப் போவதில்லை, ஆனால் நீங்கள் சொன்னதை மறுக்கவும் இல்லை’ என்பதன் மரியாதையான வடிவம் அது. அதைப் போலவே, ஒருவர் தம் பேச்சை ‘மிகுந்த மரியாதையுடன்’ என்று தொடங்கினால் மரியாதை தீர்ந்துவிட்டது என்றும், ‘சற்று ஏமாற்றமாக இருக்கிறது’ என்றால் கொலைவெறியில் இருக்கிறார் என்றும் பொருள் கொள்ள வேண்டும். குரலை உயர்த்துபவர் பேசுவதை இங்கே எவரும் கேட்பதில்லை. அவர் எப்போது முடிப்பார் என்றுதான் காத்திருக்கிறார்கள்.

நான் தவறான கதவைத் தட்டியிருந்தேன் என்பதை அடுத்த கூட்டம் முடிந்து தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது கிளார்க்தான் எடுத்துச் சொன்னார். எங்கள் பகுதியில் மூன்று அடுக்கு நிர்வாகம். சாலை, பள்ளிக்கூடம், நூலகம், முதியோர் பராமரிப்பு ஆகியவை கவுன்டி கவுன்சிலின் பொறுப்பு. குப்பை அள்ளுவது, வீடு கட்ட அனுமதி தருவது, வரி வசூலிப்பது டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலின் பொறுப்பு. பாரிஷுக்கு மிஞ்சுவது பெஞ்சு, பேருந்து நிழற்குடை, விளையாட்டுத் திடல், சில ஊர்களில் இடுகாடு. தெருவில் கிடக்கும் ஒரே பொருள்கூட எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு அலுவலகத்துக்குச் சொந்தமாகிவிடும். நாயின் கழிவைப் பையில் கட்டி வேலிச்செடியின் கிளையில் தொங்கவிட்டுப் போகும் வினோத வழக்கம் இங்குள்ள சிலரிடம் உண்டு. அந்தப் பை தொங்கும் வேலி விவசாயியுடையது, அதைக் கடந்து போகும் நடைபாதை உரிமை கவுன்டியின் பொறுப்பு, பையைப் போட வேண்டிய தொட்டியை வாங்கி வைத்தது பாரிஷ், அதைக் காலி செய்வது டிஸ்ட்ரிக்ட். பை மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும். இந்த நாட்டுக் கிராமத்துக்குப் புதிதாகக் குடிவருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கோபப்படுவதற்கு முன்னால், எந்த அலுவலகத்தின்மீது கோபப்பட வேண்டும் என்று ஐந்து நிமிடம் செலவழித்துக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். மார்ச்சு மாதம் வரும் கவுன்சில் டாக்ஸ் பில்லிலேயே ஒவ்வோர் அடுக்கின் பங்கும் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். அந்த வரி, 1991 ஏப்ரல் 1 அன்று உங்கள் வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்ற கணிப்பை வைத்துத்தான் இன்றுவரை விதிக்கப்படுகிறது. 2005இல் கட்டிய எங்கள் வீட்டுக்கும், அது வெறும் பீட்ரூட் வயலாக இருந்த காலத்து விலையை ஒருவர் கற்பனை செய்து எழுதியிருக்கிறார்.

பிறகு கவுன்டியிடம் இழப்பீடு கேட்டு எழுதினேன். ஆறு வாரம் கழித்து வந்த பதிலில் இரண்டு செய்திகள் இருந்தன. 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு சாலையைப் பராமரிக்கும் கடமையைக் கவுன்சில்மீது சுமத்துகிறது. ஆனால் முறையாகச் சோதனையிட்டு வந்தோம், அந்தப் பள்ளம் பற்றி எங்களுக்கு எந்தத் தகவலும் வரவில்லை என்று காட்ட முடிந்தால், 58ஆம் பிரிவு அவர்களைக் காப்பாற்றுகிறது. எனக்கு முன்னால் அந்தப் பள்ளத்தில் எத்தனை கார் இறங்கியதோ தெரியாது, ஒருவரும் எழுத்தில் புகார் செய்திருக்கவில்லை. எல்லோரும் பப்பில் உட்கார்ந்து புலம்பியிருக்கிறார்கள். பப்பில் புலம்பியது 58ஆம் பிரிவின் கணக்கில் சேராது. ஆக, நான் செய்யும் புகார் எனக்கு உதவாது, எனக்குப் பின்னால் வந்து விழுபவருக்கே உதவும் என்பது புரிந்த நாளிலிருந்து, மகளின் பள்ளி அடிக்கோலை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் பள்ளம் அளக்கக் கிளம்பினேன். எங்கள் பகுதியில் நாற்பது மில்லிமீட்டர் ஆழம் இருந்தால்தான் அதற்குப் பள்ளம் என்று பெயர். முப்பத்தைந்து இருந்தால் அது சாலையின் குணம். அடிக்கோலைச் செங்குத்தாக நிறுத்தி, குறுக்கே ஒரு மரச்சட்டத்தை வைத்து, அளவு தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, இணையத்தில் பதிந்து, அவர்கள் தரும் குறிப்பெண்ணை ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். பதினோராம் நாள் ஒரு லாரி வந்து, வெள்ளைப் பெயின்ட்டால் சதுரம் போட்டிருந்த பள்ளத்தை மூடிவிட்டு, அதற்கு ஒன்றரை அடி தள்ளி இருந்த முப்பத்தைந்து மில்லிமீட்டர்க்காரனைத் தொடாமல் போய்விட்டது. அவன் நாற்பதை எட்டுவதற்கு அடுத்த உறைபனி வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. விரிசலுக்குள் புகுந்த நீர் உறைந்து விரிந்து தாரைப் பிளப்பதால், இங்கே பள்ளங்களின் அறுவடைக் காலம் சனவரி, பிப்ரவரி.

இடையில் பத்திரிகையிலும் வந்தேன். உள்ளூர் வார இதழின் புகைப்படக்காரர் என்னைப் பள்ளத்தின் ஓரத்தில் நிற்கவைத்து, “கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம். பள்ளத்தைப் பாருங்கள், பிறகு என்னைப் பாருங்கள்” என்றார். இங்குள்ள உள்ளூர்ப் பத்திரிகைகளில் இது ஒரு தனி ஓவிய மரபு. மூடப்பட்ட கழிப்பறை, பூட்டிய பூங்கா, அள்ளாத குப்பை என எதன் முன்னாலும் ஒருவர் கை கட்டி, உதட்டைப் பிதுக்கி நின்றுகொண்டிருப்பார். ‘கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது’ என்று நான் சொன்னது ஏழாம் பக்கத்தில் ‘ஐடி ஊழியர் கொந்தளிப்பு’ என்று வந்தது. என் மாமியார் அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் திருவாரூர் வரைக்கும் அனுப்பி, மாப்பிள்ளை லண்டன் பேப்பரில் வந்துவிட்டார் என்று பெருமைப்பட்டுக்கொண்டார். பள்ளம் மட்டும் அசையவில்லை. குறிப்பெண்தான் அதை மூடியது, கொந்தளிப்பு அல்ல.

இதற்காகப் பத்திரிகையைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இதழில் மூன்று சிறுநகரங்களையும் நாற்பது கிராமங்களையும் ஒரே செய்தியாளர் கவனித்துக்கொள்கிறார். கவுன்சில் கூட்டங்களில் பத்திரிகைக்காரர்களும் பொதுமக்களும் உட்காரலாம் என்ற உரிமை எளிதில் வந்ததல்ல. 1959இல் முதன்முறையாக நாடாளுமன்றம் சென்ற மார்கரெட் தாட்சர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து, 1960இல் நிறைவேறிய சட்டம் அது. அவருடைய பிற்கால அரசியலைப் பற்றி என்ன கருத்து இருந்தாலும், எங்கள் மன்றக் கூடத்தில் எனக்குப் போட்ட நாற்காலி அவர் போட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2014இல் வந்த விதிகள் கூட்டத்தை ஒலி, ஒளிப்பதிவு செய்யும் உரிமையையும் கொடுத்தன. உரிமை வந்தது, உட்கார ஆள்தான் போய்விட்டது. பிபிசியின் தொலைக்காட்சி உரிமக் கட்டணப் பணத்திலிருந்து சம்பளம் கொடுத்து, கவுன்சில்களைக் கவனித்து எழுதும் ஏறத்தாழ 165 ‘உள்ளூர்ச் சனநாயகச் செய்தியாளர்களை’ உள்ளூர் இதழ்களுக்காக நாடெங்கும் அமர்த்தியிருக்கிறார்கள். அவர்களுடைய நேரம் பெரிய கவுன்சில்களுக்கே சரியாகிவிடுகிறது. ஆகவே எங்கள் ஊர்க் கூட்டத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஒரே சான்று கிளார்க் எழுதும் அந்த இரண்டு பக்கம்தான். நாற்பது நிமிடச் சண்டை அதில், ‘உறுப்பினர்கள் கருத்துப் பரிமாறிக்கொண்டனர்’ என்று ஆகிவிடும்.

உள்ளூர்ச் செய்தியைப் படிக்கும்போது விழுக்காட்டை நம்பக் கூடாது என்பதையும் அந்தக் காலத்தில்தான் கற்றேன். ‘கிராம வரி 12 விழுக்காடு உயர்வு’ என்று ஓராண்டு தலைப்புச் செய்தி வந்தது, ஊரே பதறியது. பில்லை எடுத்துப் பார்த்தால், பாரிஷின் பங்கு ஆண்டுக்கு ஐம்பத்தெட்டு பவுண்டிலிருந்து அறுபத்தைந்தாகியிருந்தது. அதே பில்லில் கவுன்டியின் பங்கு ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் ஏறியிருந்தது. பவுண்டில் பார்த்தால் அது இதைப்போலப் பத்து மடங்கு. அதற்குத் தலைப்பு இல்லை.

அந்த ஏழு பவுண்டு உயர்வைத் தீர்மானித்த கூட்டத்தில் நான் இருந்தேன். பிரிசெப்ட் என்று சொல்லப்படும் ஆண்டு வரித்தொகையை முடிவு செய்யக் கவுன்சிலுக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. அதே இரவு, தொலைபேசிக் கூண்டுக்கு எந்தச் சிவப்பு அடிப்பது என்பதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. 2008இலிருந்து பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனம் பயன்பாடற்ற சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளை ஊர்களுக்கு ஒரு பவுண்டு விலையில் கொடுத்துவருகிறது; கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் 1935இல் வடிவமைத்த, படங்களில் எல்லோரும் பார்த்திருக்கும் அந்தக் கூண்டேதான். எங்கள் கவுன்சிலும் ஒன்றை வாங்கி, உள்ளே இதயத் துடிப்பை மீட்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியை வைத்தது. பிறகுதான் பெயின்ட், உடைந்த கண்ணாடிகள், கதவின் தோல்வார், காப்பீடு என்று ஒவ்வொன்றாகக் கிளம்பின. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை மொழிபெயர்த்துச் சொல்லலாமா என்று யோசித்து, சுண்டைக்காயை விளக்க மூன்று நிமிடம் போதாது என்பதால் விட்டுவிட்டேன். அந்தச் சிவப்புக்குத் தரநிலைப் பெயர் ‘கரண்ட் ரெட்’. நம் ஊர்க் கரண்ட் அல்ல, ஒரு புளிப்புப் பழத்தின் பெயர். ஓர் உறுப்பினர் கடையில் கிடைக்கும் மலிவான சிவப்பே போதும் என்றார். இன்னொருவர் ‘மிகுந்த மரியாதையுடன்’ என்று தொடங்கினார். ஹீட்டர் இருமுறை அணைந்தது.

இந்த ஏளனத்தோடு நான் நின்றிருப்பேன், அலாட்மெண்ட் என்னும் பொதுத் தோட்ட நில விவகாரம் வந்திராவிட்டால். எங்கள் வீட்டுப் பின்கட்டு இரண்டு ரோசாச் செடிக்கே போதாது. காய்கறி போடுவதற்கு ஊரில் பொதுத் தோட்ட நிலம் இல்லை என்று நான் குறைபட்டுக்கொண்டபோது, பக்கத்து வீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற நில அளவையாளர், “குறைபட வேண்டாம். ஆறு கையெழுத்து வாங்குங்கள்” என்றார். 1908ஆம் ஆண்டின் சிறுநில, அலாட்மெண்ட் சட்டப்படி, ஊர் வாக்காளர்களோ கவுன்சில் டாக்ஸ் கட்டுபவர்களோ ஆறு பேர் எழுத்தில் கேட்டால், பாரிஷ் கவுன்சில் அந்தக் கோரிக்கையைப் பரிசீலித்தே ஆகவேண்டும். தேவை இருப்பதாக அது கருதினால் போதிய நிலம் ஏற்பாடு செய்வது அதன் கடமை. நூறாண்டுக்கும் மேற்பட்ட சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. நானும் மனைவியும், முதியோர் இல்லத்தில் பணிபுரியும் மலையாளச் செவிலியரும் அவர் கணவரும், நில அளவையாளரும், பப் நடத்துபவரும் கையெழுத்திட்டோம். இந்த முறை கூட்டத்தில் நான் வாயே திறக்கவில்லை. கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எத்தனை பேர் என்று ஒரே பக்கத்தில் எழுதி, நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி கிளார்க்குக்கு அனுப்பினேன். கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்பே நிகழ்ச்சி நிரல் ஒட்டப்பட வேண்டும், அதில் இல்லாத பொருளின்மீது கவுன்சில் தீர்மானம் எடுக்கவே முடியாது என்பதை அதற்குள் அறிந்திருந்தேன். என் பள்ளத்தைப் பற்றிய முழக்கத்துக்கு அன்று எந்த வழியிலும் பலன் கிடைத்திருக்காது. தலைவர் கடிதத்தைப் படித்துவிட்டு ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று சொல்ல வாயெடுத்தார். கிளார்க் அவர் பக்கமாகச் சாய்ந்து ஏதோ மெல்லச் சொன்னார். ‘துணைக்குழு அமைக்கப்படுகிறது’ என்று அது மாறியது.

திருச்சபைக்குச் சொந்தமான நிலத்தின் ஒரு மூலையைக் குத்தகைக்கு எடுத்து, 2022 வசந்தத்தில் ஒன்பது பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அளவை இன்னும் ‘போல்’ கணக்கில்தான் சொல்கிறார்கள்; பத்துப் போல் என்பது ஏறத்தாழ இருநூற்றைம்பது சதுர மீட்டர், அதில் பாதி எனக்கு வந்தது. வெண்டைக்காய் விரல் நீளம்கூட வராமல் செத்தது. முள்ளங்கியும் பூசணியும் வெந்தயக்கீரையும் நன்றாக வந்தன. 1950இல் வந்த மற்றொரு சட்டம் அலாட்மெண்டில் கோழியும் முயலும் வளர்க்க அனுமதிக்கிறது, சேவலை மட்டும் விலக்குகிறது. இந்த நாட்டில் சேவலின் குரலைக்கூட நாடாளுமன்றம் உட்கார்ந்து விவாதித்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

கையெழுத்தின் வலிமை எல்லாவற்றுக்கும் செல்லாது என்பதை ஊரெல்லையில் 38 வீடுகள் கட்டுவதற்கான விண்ணப்பம் காட்டியது. மஞ்சள் அறிவிப்புத் தாள் மின்கம்பத்தில் கட்டப்பட்ட நாளிலிருந்து ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள். நூற்றுக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். பெரும்பாலோர் எழுதியது, எங்கள் சன்னலிலிருந்து தெரியும் காட்சி போய்விடும், எங்கள் வீட்டு மதிப்பு குறையும் என்பதே. திட்ட அனுமதிச் சட்டத்தில் இவை இரண்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாத காரணங்கள். நூறு பேர் எழுதினாலும் பூச்சியத்தை நூறால் பெருக்கிய கதைதான். பாரிஷ் கவுன்சிலும் இதில் கருத்துச் சொல்லலாமே தவிர முடிவெடுக்க முடியாது. நில அளவையாளர் மட்டும் பிப்ரவரி முழுவதும் தினமும் காலை எட்டு மணிக்கு அந்த வயலின் வாயிலில் தேங்கிய நீரைத் தேதியோடு படம் எடுத்து, வடிகால் ஓடை எங்கே அடைபட்டிருக்கிறது என்று வரைபடத்தில் குறித்து, வளைவில் கார் ஓட்டுபவருக்கு எத்தனை மீட்டர் தூரம் தெரிகிறது என்று நாடாவால் அளந்து, நான்கு பக்கம் அனுப்பினார். அதிகாரியின் அறிக்கையில் ‘உள்ளூர் மக்களின் கவலைகள்’ என்ற ஒரு பத்திக்குள் நூறு கடிதமும் அடங்கின. அவருடைய வடிகாலுக்கு மட்டும் தனியாக இரண்டு பக்கம். வீடுகள் வந்தன, 31ஆகக் குறைந்து, ஒரு நீர்த்தேக்கக் குட்டையோடு. எதிர்த்து எழுதியவர்களில் சிலர் இப்போது மாலையில் அந்தக் குட்டையைச் சுற்றித்தான் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள்.

2023 மே மாதம் கவுன்சில் தேர்தல் வந்தபோது கிளார்க் என்னிடம் ஒரு வேட்புமனுப் படிவத்தை நீட்டினார். நான் அப்போது இந்தியக் கடவுச்சீட்டோடு நிரந்தர வசிப்புரிமை மட்டும் பெற்றிருந்தேன். காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு அதுவே போதும் என்பது இந்தியர், இலங்கையர், மலேசியர் பலருக்கும் இன்னும் தெரியாது. முன்பணம் கிடையாது, முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், இருவரும் அந்த ஊர் வாக்காளர்களாக இருக்க வேண்டும். படிவத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கெடுநாள் மாலை நான்கு மணியோடு முடிந்துவிடும், ஒரு எழுத்துப் பிழைக்காகத் திரும்பி வர நேரிடலாம் என்பதால் இரண்டு நாள் முன்பே போவது நல்லது. அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“ஏன்டா, பஞ்சாயத்து எலெக்‌ஷனா? எவ்வளவு செலவாகும்?”

“ஒண்ணும் ஆகாதும்மா.”

“சம்பளம் எவ்வளவு?”

“அதுவும் இல்லம்மா.”

சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. “உடம்பு நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டார்.

ஏழு இடங்களுக்கு ஐந்து பேர்தான் மனு கொடுத்திருந்தோம். வாக்குப்பதிவே நடக்கவில்லை. நாடாளுமன்றங்களின் தாய் என்று பெயரெடுத்த தேசத்தில், ஒரு வாக்குகூடப் பெறாமல் நான் மக்கள் பிரதிநிதியானேன். மிச்சமிருந்த இரண்டு இடங்களுக்கு ஆள் பிடிக்க மூன்று மாதம் ஆயிற்று.

தேர்வானதும் 28 நாளுக்குள் சொத்து, வேலை, குத்தகை முதலிய நலன்களைப் பதிவு செய்ய வேண்டும். மறைத்தால் 2011ஆம் ஆண்டின் உள்ளூர்மைச் சட்டப்படி அது குற்றம். அலாட்மெண்டில் எனக்கு நிலம் இருக்கிறது. ஆகவே தோட்டம் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய், கூடத்தின் சமையலறையில் நின்றுகொண்டிருக்க வேண்டும். எதற்காகக் கவுன்சிலுக்குள் வந்தேனோ அதைப் பற்றி மட்டும் வாய் திறக்க முடியாது. சமையலறையில் பிஸ்கட் டப்பா இருக்கிறது என்பதுதான் ஆறுதல்.

கூட்ட நடைமுறைக்கெனக் கவுன்சில் வைத்திருக்கும் விதிகளான நிலையாணைகளை ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுங்கள் என்பது புதிய உறுப்பினர்களுக்குக் கிளார்க் கொடுக்கும் ஒரே அறிவுரை. செஷயர் கவுன்டியின் ஹேண்ட்ஃபோர்த் பாரிஷ் கவுன்சில் 2020 டிசம்பர் 10 அன்று ஸூமில் நடத்திய கூட்டத்தை உதாரணமாகச் சொல்வார். கூட்டத்தை நடத்த உதவ வந்த ஜாக்கி வீவரைப் பார்த்து, உங்களுக்கு இங்கே எந்த அதிகாரமும் இல்லை என்று தலைவர் கூற, அவரையே ஜாக்கி கூட்டத்திலிருந்து வெளியே அனுப்பியதும், அந்தப் பதிவு 2021 பிப்ரவரியில் உலகமெங்கும் பரவியதும் பலருக்கு நினைவிருக்கும். உலகம் சிரித்தது. எங்கள் ஊர்க்காரர்கள் சிரிக்கவில்லை. ‘இதில் என்ன வேடிக்கை?’ என்பதுபோல் பார்த்தார்கள். யாருக்கு அதிகாரம் என்ற கேள்வியை அவர்கள் மாதந்தோறும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பெயர்ப்பலகைச் சண்டையைச் சொல்லாமல் விட முடியாது. 2024இல் வடக்கு யார்க்‌ஷயர் கவுன்சில், கணினித் தரவுத்தளத்துக்கு ஒத்துவரவில்லை என்று தெருப் பெயர்களிலிருந்து உடைமையைக் காட்டும் ‘அப்பாஸ்ட்ரஃபி’ குறியை நீக்கப் போவதாகச் சொன்னது. ஹாரகேட் நகரில் செயின்ட் மேரீஸ் வாக் என்னும் தெருவின் புதிய பலகையில் காணாமற்போன அந்தக் குறியை யாரோ பேனாவால் வரைந்துவிட்டார்கள். செய்தி வந்த வாரம் எங்கள் கூட்டத்தில் அது நிகழ்ச்சி நிரலில் இல்லாதபோதும் இருபது நிமிடம் பேசப்பட்டது. ‘பெயர்ப்பலகை’ என்பதில் ஒற்று மிகுமா மிகாதா என்று விடிய விடியச் சண்டை போடும் இனத்தில் பிறந்த எனக்கு, இந்த ஊரில் முதன்முறையாகச் சொந்த வீட்டில் இருப்பதுபோல் தோன்றியது அன்றுதான்.

இன்னொன்றும் உண்டு, எவரும் பயன்படுத்தாத ஓர் உரிமை. ஆண்டுதோறும் கோடையில் 30 வேலைநாள்கள், சூலையின் முதல் பத்து வேலைநாள்களை உள்ளடக்கி, கவுன்சிலின் கணக்குகளை ஊரில் ஆர்வமுள்ள எவரும் பார்வையிடலாம், ரசீதுகளைக்கூடக் கேட்கலாம். உறுப்பினராவதற்கு முன்பு ஒருமுறை போனேன். கிளார்க்கின் வீட்டுச் சமையலறை மேசையில் ஒரே ஒரு பெட்டிக்கோப்பு; பதினொரு ஆண்டுகளில் கணக்குப் பார்க்க வந்த முதல் ஆள் நான் என்று சொல்லி, எலுமிச்சைக் கேக் வெட்டி வைத்தார். புல் வெட்டுவதற்கு எவ்வளவு, கிளார்க்கின் சம்பளம் எவ்வளவு, ஒரு பெஞ்சுக்கு எத்தனை பவுண்டு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தன. ஊழல் எதுவும் இல்லை. நாய்க் கழிவுப் பைகளுக்கான செலவு மட்டும் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

2024 டிசம்பரில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, கவுன்டி, டிஸ்ட்ரிக்ட் என்ற இரட்டை அடுக்கைக் கலைத்து ஒரே கவுன்சிலாக்கப் போவதாகச் சொல்கிறது. அது நடந்தால் என் பள்ளம், குப்பைப் பாடமெல்லாம் பாதி பழசாகிவிடும். பாரிஷ் மட்டும் கீழே அப்படியே இருக்கும். மேலே இருப்பவர்கள் கைகழுவும் பூங்காவும் கழிப்பறையும் எங்கள் தலையில் இறங்கலாம் என்று கிளார்க் இப்போதே கவலைப்படத் தொடங்கியிருக்கிறார்.

பெஞ்சு என்றேனே, அது மூன்றாம் சார்ல்ஸ் மன்னரின் முடிசூட்டு விழா நினைவாக 2023இல் வைக்கத் தீர்மானித்த பெஞ்சு. மரமா, மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கா என்பதில் ஐந்து கூட்டங்கள் போயின. பிளாஸ்டிக் என்று முடிவாகி, அது குளத்தைப் பார்த்திருக்க வேண்டுமா, சாலையைப் பார்த்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. குளத்தைப் பார்த்து உட்கார்ந்தால் பேருந்து வருவது தெரியாது. சாலையைப் பார்த்து உட்கார்ந்தால் குளம் எதற்கு? சென்ற கூட்டத்தில், இரண்டு பக்கமும் உட்காரக்கூடிய முதுகில்லாத பெஞ்சாக வாங்கலாமே என்று நான் எழுத்து மூலம் ஒரு திருத்தம் கொடுத்தேன். தலைவர் அதை மூக்குக்கண்ணாடியை உயர்த்தி இருமுறை படித்தார். “மிகவும் பயனுள்ள கருத்து” என்றார். வரும் செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சி நிரலில் அது ஒன்பதாவது பொருள்; ஹீட்டருக்குச் சில்லறை எடுத்துவைத்திருக்கிறேன்.